லிஸ்பனில் ஆண்டைப் பார்க்காமல் படம் எடுக்காதீர்கள்

லிஸ்பன் போகிறவர்கள் எதிரே விரிந்து கிடக்கும் தண்ணீரை அட்லாண்டிக் என்று நினைத்துவிடுவார்கள். அது தேஜோ ஆறு, கடலில் சேருமிடம் அருகில்தான். சரி, இது சின்னப் பிழை. ஆண்டுகளில் ஏமாறுவதுதான் பெரிய பிழை.

பெலேம் கரையில் கப்பல் முகப்பு போல ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. வாஸ்கோ ட காமா காலத்துக் கல் என்று நினைத்துப் பலரும் படம் எடுக்கிறார்கள். 1940-இல் போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி நடத்திய கண்காட்சிக்காகத் தற்காலிகமாக வைத்தது அது. இன்றைக்கு நிற்பது 1960-இல் எழுந்தது. காமாவைவிட, காமாவை வைத்துப் பெருமை பேசிய சர்வாதிகாரத்தைப் பற்றித்தான் அது அதிகம் சொல்கிறது. காமாவின் காலம் வேண்டுமானால் எதிர்ப்புறம் ஜெரோனிமோஸ் மடாலயத்துக்குப் போங்கள். மிளகு வணிகத்தில் வசூலித்த வரிப்பணத்தில் எழுந்த கட்டடம். அவருடைய கல்லறையும் உள்ளே இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

அதேபோல, பைஷா பகுதியின் நேர்த்தெருக்களைப் ‘பழைய லிஸ்பன்’ என்று சொல்லாதீர்கள். 1755 நவம்பர் 1 காலையில் நிலநடுக்கம், அப்புறம் ஆழிப்பேரலை, தீ. அத்தனையும் முடிந்த பிறகு அளந்து கட்டிய தெருக்கள் இவை. ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கு ‘வணிகச் சதுக்கம்’ என்று பெயர் மாற்றியும், ஊர்க்காரர்கள் இன்னும் ‘அரண்மனை முற்றம்’ என்றே சொல்கிறார்கள். அரண்மனை போய் இரண்டரை நூற்றாண்டு தாண்டிவிட்டது!

மிளகுக் கதையோடு திரும்பிவிடுவதும் தவறு. ‘போசோ தோஸ் நெக்ரோஸ்’ தெருவின் பெயருக்குக் ‘கறுப்பர்களின் கிணறு’ என்று பொருள். இறந்த அடிமைகளின் உடல்களைப் போடக் குழி வெட்டும்படி மன்னர் மனுவேல் 1515-இல் ஆணையிட்டதோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். வழிகாட்டி யாராவது ‘நாங்கள் 1761-லேயே அடிமை முறையை ஒழித்துவிட்டோம்’ என்றால் பாதியை மட்டும் நம்புங்கள். அந்தச் சட்டம் போர்ச்சுகல் மண்ணுக்குள் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத்தான் தடுத்தது. பிரேசிலுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

தமிழர்கள் இங்கே வந்து காமா வந்திறங்கிய கள்ளிக்கோட்டையை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். 1554-இலேயே இந்த ஊரில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருக்கிறது. விடுதியில் அறைத் திறவுகோலை நீட்டும்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ‘ஷாவ்’. நம் சாவிதான்.