பழைய லண்டன் வெள்ளிக் கரண்டி எந்த வருஷத்தது? முத்திரை படிக்கும் முறை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மொபைல் ஜூமை நான் நம்புவதில்லை. தேய்ந்த முத்திரையை அது இன்னும் குழப்பும். முத்திரை மேல் வாயால் ஆவி ஊதுங்கள். ஆவி விலகும் அந்த ஓரிரு நொடிக்குள் விளிம்புகள் பளிச்சென்று தெரியும். பாலிஷ் மட்டும் போடாதீர்கள், மிச்சமிருக்கும் கோடும் போய்விடும்.

1. கரண்டியைத் திருப்பி, காம்பின் பின்பக்கம் பாருங்கள். ஏறக்குறைய 1780 வரை குழிப் பகுதியை ஒட்டியே குத்தினார்கள். பிறகு நுனிப் பக்கம் போய்விட்டது.

2. முன்னங்கால் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. தனித்தனிக் கட்டங்களில் ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் வெறும் முலாம். கோதிக் எழுத்தில் குத்தியிருந்தால் அசல் முத்திரை போலவே இருக்கும், ஏமாறாதீர்கள்.

3. ஊர்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், 1974 வரை கிரீடம் ஷெஃபீல்ட்.

4. ஆண்டெழுத்து, அதாவது வருஷத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. என்னைப் படுத்தி எடுத்தது இதுதான். லண்டனில் அந்தக் காலத்தில் இருபது எழுத்து முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். சின்ன 'ஏ' 1776-க்கும் உண்டு, 1816-க்கும் உண்டு. அட்டவணையில் எழுத்தை மட்டும் பார்த்தால் நாற்பது வருஷம் தவறிவிடும். பக்கத்தில் அரசர் தலை இருக்கிறதா என்று தேடுங்கள். அது வரி கட்டியதற்கான அடையாளம். 1784 டிசம்பரில் வந்து 1890-ல் நின்றது. தலை இருந்தால் 1816. இல்லாவிட்டால் 1776 என்று உடனே முடிவுகட்டாமல், தேய்ந்துபோயிருக்கிறதா என்று ஒருமுறை ஆவி ஊதிப் பார்த்துவிடுங்கள். சிறுத்தையின் தலையில் கிரீடம் இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் 1821-க்குப் பிந்தியது. இன்னொன்று: லண்டனில் அப்போது எழுத்து மாறியது மே மாதம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 1816/17 என்று எழுதுகிறார்கள்.

5. மிச்சமிருக்கும் முதலெழுத்துகள் செய்தவருடையவை. அதைக் கடைசியில் தேடுங்கள்.

பின்சேர்க்கை: ஷெஃபீல்ட் கரண்டிக்கு இந்த முறை ஒத்துவரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒத்துவராதுதான். அங்கே 1824 வரை எழுத்துகள் அகரவரிசையிலேயே போகவில்லை, அந்த ஊருக்கான அட்டவணையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பெண் உருவம் தெரிந்தால் அது 'பிரிட்டானியா', 95.8 சதவீத வெள்ளி. 1697 முதல் 1720 வரை அது கட்டாயம். அதன்பிறகும் விருப்பப்பட்டவர்கள் அந்தத் தரத்தில் செய்தார்கள், ஆகவே அதை மட்டும் வைத்து வயது சொல்லிவிடாதீர்கள்.