ஏ.சி.யை எந்தச் சுவரில் மாட்டுவது? வடசென்னை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஏ.சி. வாங்கியவர்கள் பலரும் கட்டிலுக்கு எதிரே உள்ள சுவரைக் காட்டி, "இங்கே மாட்டிவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவுட்டோர் யூனிட் எங்கே போகும், தண்ணீர் எங்கே வடியும் என்ற கேள்விகள் மெக்கானிக் சுவரைத் துளைத்த பிறகே எழுகின்றன. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருபக்கச் சுவர்களும் அடுத்த வீடுகளோடு ஒட்டிய வீடுகள் ஏராளம். அவற்றில் வெளிக்காற்று படும் இடம் வாசல், கொல்லை, மொட்டை மாடி ஆகிய மூன்றுதான் என்பதால், முதலில் வெளியே உள்ள இடத்தை முடிவு செய்துவிட்டே உள்ளே வர வேண்டும்.

அறையிலிருந்து உறிஞ்சிய வெப்பத்தை வெளியே கொட்டுவதே அவுட்டோர் யூனிட்டின் வேலை. மூன்றடிச் சந்தில் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து அதை மாட்டினால், அது ஊதும் அனல் சுவரில் மோதித் திரும்பி, அதன் முதுகு வழியாகவே மறுபடியும் உள்ளே போகும். அறை குளிர நேரமாகும், மின்கட்டணமும் ஏறும். மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் முழுதும் விழும். கிழக்குச் சுவர் வெயிலுக்குப் பரவாயில்லை என்றாலும், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கரையோரத் தெருக்களில் உப்புக்காற்று நேராக வந்து அறைவது அங்கேதான். சில ஆண்டுகள் அப்படி நின்ற யூனிட்டின் பின்புறத் தகடுகளை விரலால் தொட்டுப் பாருங்கள், வெள்ளைத் தூளாக உதிரும். ஆகவே கடலோரத்தில் வடக்குச் சுவர் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். எங்கே வைத்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவ்வப்போது தகடுகளைக் கழுவுவது நல்லது. ஆனால் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருவாக இருந்தால், கழுவுவதற்கு மெட்ரோ தண்ணீரைத்தான் (குடிநீர் வாரியம் தரும் தண்ணீரை) பயன்படுத்த வேண்டும்.

மொட்டை மாடியில் வைப்பதானால் மேலே நிழல் போடலாம், ஆனால் பக்கங்களை அடைத்துப் பெட்டி போலாக்கிவிடக் கூடாது. தரைத்தள அறைக்கு மாடி ஏற்றது அன்று, ஏனெனில் உள்ளேயும் வெளியேயும் உள்ள யூனிட்டுகளை இணைக்கும் காப்பர் பைப் நீள நீளச் செலவு கூடும், குளிர்ச்சி குறையும்.

அறைக்குள் வருவோம். குளிர் நாடுகளில் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரை ஜன்னலுக்கு அடியில் பொருத்துவார்கள்; கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிரை, கீழிருந்து எழும் சூடான காற்று தடுத்துவிடும். நமக்கு எல்லாம் தலைகீழ். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் இன்டோர் யூனிட் தரையிலிருந்து 7 முதல் 8 அடி உயரத்தில் இருக்க வேண்டும். அது காற்றை மேற்புறமாக இழுப்பதால், கூரைக்கும் அதற்கும் இடையே அரை அடியாவது இடைவெளி வேண்டும். பரணுக்கு அடியில் ஒட்டி மாட்டுவது அதன் மூக்கைப் பொத்துவதற்குச் சமம். நீளமான அறையில் குறுகிய சுவரில் மாட்டினால் காற்று மறுகோடி வரை ஓடும். ஆனால் அது தூங்குபவரின் தலைக்கு நேராக வீசக் கூடாது. சமையலறை வாசலுக்கு அருகில் மாட்டினால், இயந்திரத்தின் உணரி அடுப்பின் சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு ஓயாமல் ஓட வைக்கும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் சாதாரண ஆணி பிடிக்காது. செங்கல் உறுதியாக உள்ள இடத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் ஊரின் ஈரக்காற்றில் ஓர் இரவிலேயே சில லிட்டர் தண்ணீர் வடியும். டிரெயின் பைப் ஓரடிக்குக் கால் அங்குலமாவது சரிந்து செல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது நடுவில் தொய்ந்து தொங்கியதால், தேங்கிய தண்ணீர் திரும்பி வந்து, கீழே மாட்டியிருந்த காலண்டரில் ஆடி மாதம் முதல் மார்கழி வரையிலான தாள்கள் ஊறிப்போயின. பைப்பின் முனை அடுத்த வீட்டு வாசலில் சொட்டினால் சண்டை நிச்சயம் என்பதால், அதைக் குளியலறை வரையோ சாக்கடை வரையோ கொண்டுபோய் விட வேண்டும். மாட்டி முடிந்ததும் இன்டோர் யூனிட்டின் டிரேயில் ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லி, அது மறுமுனையில் தடையின்றி வெளியேறுவதைப் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.