எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு: முதல் சில மாதங்கள்

படிப்பை முடித்துவிட்டு இப்போதுதான் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், முதலில் ஒரே ஒரு விஷயத்தில் குறியாக இருங்கள்: ரிப்பீட் எடுக்கக்கூடாது. டிஜிட்டல் மெஷினில் சரியாக வராத படத்தைத் தள்ளிவிட்டு இன்னொன்று எடுப்பது ரொம்பச் சுலபம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், ஆனால் நோயாளி மேல் கதிர் இரண்டு தடவை பட்டிருக்கிறது.

அதற்கு மெஷினைவிடப் பேச்சுதான் முக்கியம். ஓ.பி. கூட்டத்தில் "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால் காது சரியாகக் கேட்காத பாட்டி யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார். "உங்க பேரு என்னம்மா, எங்க வலிக்குது?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். சீட்டில் வலது முழங்கால் என்று இருக்கிறது, அவரோ இடது காலைத் தடவிக்கொண்டு நிற்கிறார் என்றால் எதையும் எடுக்காமல் எழுதிக்கொடுத்த டாக்டருக்குப் போன் போடுங்கள். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களிடம் கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். மாமியாரையும் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் உண்மை வராது, தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தினமும் அதிகம் எடுக்கப்போவது நெஞ்சு எக்ஸ்ரேதான். சடையை மேலே தூக்கிக் கொண்டை போடச் சொல்லுங்கள், அது தோளில் கிடந்தால் நுரையீரலின் உச்சியில் நிழலாக விழும், டிபி பெரும்பாலும் வருகிற இடமும் அதுதான் என்பதால் டாக்டர் வீணாகக் குழம்புவார். தாயத்து, ஊக்கு, உள்ளாடை ஹூக் எல்லாம் இதே கதைதான். தாலியைக் கழற்று என்று மொட்டையாகச் சொல்லிவிடாதீர்கள், சங்கிலியைத் தாடைக்கு மேலே தூக்கிப் பிடித்தாலே நெஞ்சுப் படத்துக்குப் போதும். கதிர் வருகிற டியூபிலிருந்து 180 செ.மீ. தூரம், தோள் இரண்டும் முன்னால் வரவேண்டும், அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் ஏறாது. மூச்சு இழுப்பதை மட்டும் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றதும் நிறையப் பேர் இழுத்த கையோடு விட்டுவிடுகிறார்கள். படம் வந்ததும் இரண்டு காறை எலும்புகளின் உள்முனையும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார்.

அப்புறம் உங்கள் பாதுகாப்பு. உங்கள் மேல் படுகிற கதிரை அளக்கிற டிஎல்டி பேட்ஜை நெஞ்சில், கதிரைத் தடுக்கிற லெட் (ஈய) ஏப்ரனுக்கு உள்ளே போடுங்கள். அதை எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அப்படிச் செய்தால் மூன்று மாதம் கழித்து வருகிற ரீடிங் உங்களுடையதாக இருக்காது. இந்த வேலை செய்கிறவர் மேல் படலாம் என்கிற கதிருக்கு நம் நாட்டு வரம்பு ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. ஒழுங்காக வேலை செய்கிற எக்ஸ்ரே டெக்னீஷியன் அந்தப் பக்கமே போகமாட்டார், அதனால் வீட்டில் யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். ஏப்ரனை மடித்து வைக்காதீர்கள், உள்ளே விரிசல் விடும்.

ஐசியூவில் மெஷினைப் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு போய் போர்ட்டபிள் எடுக்கும்போது "எக்ஸ்ரே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளிப் போய் நில்லுங்கள். தூரம் இரட்டிப்பானால் கதிர் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகிவிடும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால் நீங்கள் பிடிக்காதீர்கள், கர்ப்பமாக இல்லாத உறவினர் ஒருவருக்கு ஏப்ரன் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இந்த வேலை தினமும் உண்டு, அவருக்கு இன்று ஒரு நாள்தான்.

எம்ஆர்ஐ பக்கம் டியூட்டி போட்டால் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டரோடு அவசரமாக ஓடி வருகிற வார்டு ஊழியரைக் கதவிலேயே நிறுத்துங்கள், அவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் சரி.

படம் எடுத்து முடித்ததும் "என்ன தெரியுது சார்?" என்று உறவினர்கள் கட்டாயம் கேட்பார்கள். டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் நுரையீரல் சுருங்கி, சுற்றிக் காற்று நிற்பது போலத் தெரிந்தால் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரி எந்நேரமானாலும் டியூட்டி டாக்டரை உடனே கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டுங்கள்.