அணு மாதிரிகளின் வரலாற்றை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி?

நான்காம் படிவத்தில் வேதியியல் எடுத்த பிள்ளைகள் டால்டன், தாம்சன், ரதர்ஃபோர்டு, போர், சாட்விக் என்று வரிசையாக ஒப்பித்துவிடுகிறார்கள், ஆனால் "தாம்சன் மாதிரியை ஏன் கைவிட்டார்கள்?" என்று கேட்டால் பலருக்கும் பதில் வருவதில்லை. மலேசியாவின் எஸ்பிஎம் தேர்வு (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) வரப்போகும் தம்பி தங்கைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிறீர்களா? ஆண்டுகளை ஓரமாக வையுங்கள். ஒரு தாளில் ஐந்து பெயரையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வியைப் போடுங்கள்: முன்னால் இருந்த கருத்து எங்கே இடித்தது?

டால்டனை எடையிலிருந்து தொடங்குங்கள். 12 கிராம் கார்பனோடு 16 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராம் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு. சரியாக இரண்டு மடங்கு. பொருள் எண்ணக்கூடிய துகள்களாக இருந்தால் இது இயல்பாகவே வரும்; 1808இல் அவர் வெளியிட்ட நூலின் அடிப்படை இதுதான். அந்தத் துகளைப் பிளக்க முடியாது என்றும் அவர் நம்பினார். 1897இல் தாம்சன், காற்றை வெளியேற்றிய குழாயில் மின்சாரம் பாயும்போது எதிர்மின்முனையிலிருந்து வரும் கேத்தோடு கதிர்களை ஆராய்ந்தபோது, குழாயில் எந்த வாயு இருந்தாலும் அதே துகள்தான் வந்தது. அப்படியானால் எல்லா அணுவுக்குள்ளும் அந்த எதிர்மின் துகள், அதாவது எலக்ட்ரான், இருக்கிறது.

ரதர்ஃபோர்டுக்கு வரும்போது அவசரப்படாதீர்கள். 1909இல் மான்செஸ்டரில் கெய்கரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, மெல்லிய தங்கத் தகட்டில் நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்பா துகள்களை மோதவிட்டு, திரையில் மினுக்கும் ஒளிப்புள்ளிகளைக் கண்ணால் பார்த்து எண்ணினார்கள். முடிவைச் சொல்லிவிடாமல், "தாம்சன் சொன்னபடி நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருந்தால் துகள் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டு, பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் நேர்க்கோடுதான் வரைவார்கள். அப்புறம், மிகச் சில துகள்கள் வந்த பக்கமே திரும்பின என்று சொல்லுங்கள். நேர்மின்னூட்டமெல்லாம் நடுவில் ஒரு சிறு அணுக்கருவில் குவிந்திருக்கிறது என்ற முடிவுக்கு, ரதர்ஃபோர்டு 1911இல் எட்டிய அதே முடிவுக்கு, அவர்களே வந்துவிடுவார்கள். இந்த இடம் புரிந்தால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

ஆனால் அன்றைய இயற்பியலின்படி, சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவில் விழுந்திருக்க வேண்டும். இதோடு ஹைட்ரஜன் ஏன் 656, 486 நானோமீட்டர் என்று குறிப்பிட்ட நிறக்கோடுகளை மட்டும் தருகிறது என்ற கேள்வியும் இருந்தது. 1913இல் நீல்ஸ் போர், எலக்ட்ரான் இருக்கக்கூடிய நிலையான ஆற்றல் மட்டங்களைச் சொன்னது இந்த இரண்டுக்கும் விடையாகத்தான். நிறம் பிரிவதைக் காட்ட ஒரு பழைய சிடி போதும். பினாங்கு லிட்டில் இந்தியா அஞ்சடியில் (கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) இன்னும் குழல் விளக்கு எரியும் கடை இருந்தால், சிடியைச் சாய்த்து அந்த வெளிச்சத்தைப் பாருங்கள். எல்இடி விளக்கில் ஒன்றோடொன்று கலந்து தெரியும் நிறங்கள் இதில் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். அது பாதரசமும் குழாயின் உள்பூச்சும் தரும் ஒளி, ஹைட்ரஜன் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். சூரியனை நோக்கி மட்டும் சிடியைப் பிடிக்க வேண்டாம்.

சாட்விக் சுலபம். ஹீலியம் கருவின் மின்னூட்டம் 2, நிறை 4. மீதி எங்கே? 1932இல் மின்னூட்டம் இல்லாத நியூட்ரான் கிடைத்தது.

கடைசியாகப் புத்தகத்தை மூடிவைத்து, பள்ளியில் மலாயில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்தாலும், வீட்டில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் "அதனால்" வராமல் திணறுகிறார்களோ, அந்தச் சோதனையை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.