பயர்பாக்ஸ் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? என் அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலில் அத்தை நடத்தும் தையல் கடையின் பழைய விண்டோஸ் மடிக்கணினியில் பயர்பாக்ஸ் உலாவியை நிறுவினேன். நிறுவல் ஒழுங்காக முடிந்தது. திறந்தால்தான், ஒரு கணம் தெரிந்து மறைந்துவிடும். "தீபாவளி ஆர்டர் நேரம்பா, சீக்கிரம் பாரு" என்றார் அத்தை.

பலரும் உடனே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அதில் பெரும்பாலும் பலன் இருக்காது. நிரலை நீக்கினாலும் புக்மார்க், அமைப்புகள், நீட்சிகள் (உலாவியில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) அடங்கிய புரொபைல் கோப்புறை கணினியிலேயே தங்கிவிடும். கோளாறு அங்கே இருந்தால் புதிய நிறுவலிலும் அதுவே தொடரும்.

ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே பயர்பாக்ஸைத் திறந்தேன். டிரபிள்ஷூட் மோடில், அதாவது கோளாறைக் கண்டறியும் நிலையில், திறக்கவா என்று கேட்டது. சரி என்றேன்; மூடாமல் வேலை செய்தது! இந்த மோடில் நீட்சிகள், தீம், ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (படம், வீடியோ காட்டும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) எல்லாம் அணைந்திருக்கும். இங்கே நீட்சி எதுவும் போடவில்லை, ஆகவே சந்தேகம் கிராபிக்ஸ் பக்கம் போனது. செட்டிங்ஸில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குப் போய், பரிந்துரைக்கப்பட்ட அமைப்பு என்பதன் டிக்கை எடுத்தால் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் தெரியும். அதையும் எடுத்துவிட்டு வழக்கம்போலத் திறந்தேன். மூடிக்கொள்ளாமல் நின்றது.

ஆனாலும் அப்படியே விட மனமில்லை. ஆக்சிலரேஷன் இல்லாமல் வீடியோ ஓடினால் பிராசசருக்குச் சுமை கூடும். அப்புறம் மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கிராபிக்ஸ் டிரைவரை (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்து, டிக்கைத் திரும்பப் போட்டேன். பிறகு மூடவே இல்லை. புது டிரைவர் கிடைக்காத அளவுக்குப் பழைய கணினி என்றால், ஆக்சிலரேஷனை அணைத்தே வைத்துக்கொள்ளலாம்.