கிளவுடில் வைத்த தரவுக்கு யார் பொறுப்பு? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"கிளவுடுக்கு மாறியாச்சு, இனி பாதுகாப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்துவிட முடியாது. கிளவுட் என்பது இணையம் வழியே நாம் வாடகைக்கு எடுக்கும் வேறொரு நிறுவனத்தின் கணினிகள்தான். அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி அமேசான் கிளவுடில் வைத்திருந்த தரவு 2019இல் திருடு போனது. 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் இருந்தன. ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வடிகட்டும் தடுப்பு) ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. அதற்குத் தேவைக்கு மீறிய அனுமதிகளும் கொடுக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதைக் கட்டியது வங்கி.

படி 1: உங்கள் பங்கு எது என்று பாருங்கள்

கட்டடம், மின்சாரம், சர்வர், வன்தட்டு எல்லாம் சேவை நிறுவனத்தின் பொறுப்பு. மெய்நிகர் கணினியை (அவர்களின் சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினியை) வாடகைக்கு எடுத்தால், அதிலுள்ள இயங்குதளத்துக்கு (விண்டோஸ், லினக்ஸ் போன்றவை) அப்டேட் போடுவது உங்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற ஆயத்த சேவை என்றால் அதை அவர்களே செய்துவிடுவார்கள். ஆனால் எந்தச் சேவையானாலும் மூன்று விஷயங்கள் உங்களிடமே இருக்கும்: தரவு, கணக்குகள், யாருக்கு என்ன அனுமதி என்பது.

படி 2: பட்டியல் போடுங்கள்

என்ன தரவு, எங்கே இருக்கிறது, யாருக்குத் தேவை, எப்போது அழிக்க வேண்டும். ஒரு எக்செல் தாள் போதும். தேவையில்லாததை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

படி 3: அனுமதிகளைச் சரிபாருங்கள்

நேரம் குறைவாக இருந்தால் இந்த ஒரு படியையாவது இன்றே செய்துவிடுங்கள்.

முதலில், எல்லா அதிகாரமும் உள்ள முதன்மைக் கணக்குக்கு இருகட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது) போடுங்கள். அன்றாட வேலைக்கு அந்தக் கணக்கைத் தொடாதீர்கள். குறைந்த அனுமதியுள்ள வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பகிர்ந்த கோப்புகள். லிங்கை நகலெடுத்து, பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) ஒட்டிப் பாருங்கள். லாகின் கேட்காமலே கோப்பு திறந்தால், லிங்க் கிடைத்த எவரும் அதைப் படிக்கலாம் என்று அர்த்தம். அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3இல், பக்கெட்டுகள் எனப்படும் சேமிப்புப் பெட்டிகளுக்குப் பொது அணுகல் 2023 ஏப்ரல் முதல் தானாகவே தடுக்கப்படுகிறது. ஆனால் அது புதிதாக உருவாக்கும் பக்கெட்டுகளுக்குத்தான். பழையவற்றை நீங்கள்தான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அன்றே முடக்குங்கள். ரகசியச் சாவிகளை (கிளவுட் கணக்குக்குள் நுழைய நிரல்கள் பயன்படுத்தும் கடவுச்சொல் போன்றவை) நிரலுக்குள் எழுதி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால் அந்த வரியை அழிப்பது போதாது, பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். சாவியையே ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.

படி 4: என்கிரிப்ஷனை மட்டும் நம்பாதீர்கள்

எஸ்3இல் புதிதாக ஏற்றும் கோப்புகள் 2023 ஜனவரி முதல் தானாகவே என்கிரிப்ட் ஆகின்றன, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்படுகின்றன. நல்லதுதான். ஆனால் அனுமதி உள்ளவர் கேட்டால் கோப்பு தெளிவாகத் திறந்தே வரும். படி 3இல் ஓட்டை இருந்தால் இது காப்பாற்றாது.

படி 5: பேக்கப்

ஒத்திசைவு (கணினியிலும் கிளவுடிலும் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருப்பது) வேறு, பேக்கப் (தனியாக எடுத்து வைக்கும் பிரதி) வேறு. கணினியில் கோப்பை அழித்தால் ஒத்திசைவு அதைக் கிளவுடிலும் அழித்துவிடும். அதனால் வேறொரு கணக்கில் ஒரு பிரதி வையுங்கள். அவ்வப்போது அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

படி 6: ஒப்பந்தமும் சட்டமும்

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் தரவை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் ஒருவர், அவருக்காக அதைக் கையாள்பவர் இன்னொருவர். வாடிக்கையாளர் தரவைக் கிளவுடில் வைக்கும்போது பொதுவாக நீங்கள் முதலாமவர், சேவை நிறுவனம் இரண்டாமவர். இருவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். தரவு எந்த நாட்டில் இருக்கும், கசிந்தால் எப்படித் தெரிவிப்பார்கள், நீங்கள் விலகினால் எப்படி அழிப்பார்கள் என்ற மூன்றையும் அதில் தேடிப் படியுங்கள்.

கசிவால் மக்களுக்குப் பாதிப்பு வரக்கூடும் என்றால், அதே சட்டப்படி விஷயம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்பிடம் நீங்கள் சொல்லியாக வேண்டும். எனவே யார் யாரை அழைப்பது என்பதை இப்போதே எழுதி, கிளவுட் கணக்கு முடங்கினாலும் கைக்குக் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.