எஸ்இசியா, பிக் டென்னா? சீசன் தொடங்கும் முன் நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எஸ்இசி, பிக் டென் இரண்டும் அதில் பெரிய கான்ஃபரன்ஸ்கள், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிக் குழுக்கள். நான் இருப்பது ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில், அதாவது பிக் டென் ஊரில். எதிரே உட்காருபவர் அலபாமாக்காரர். 2006 முதல் 2012 வரை ஏழு வருடம் தொடர்ந்து தேசியக் கோப்பை எஸ்இசிக்கே போனது என்று அவர் ஆரம்பிப்பார். 2023-இல் மிச்சிகன், 2024-இல் ஒஹாயோ ஸ்டேட், 2025-இல் இண்டியானா, மூன்றும் பிக் டென் என்று நாங்கள் திருப்பிக் கொடுப்போம். அதோடு சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும்.

ஒரு வருடம் ரோஷம் வந்து, கூகுள் ஷீட்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டே நிமிடத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கே தப்பு செய்தேன், இப்போது எப்படிப் போடுகிறேன் என்பதுதான் இந்தப் பதிவு. டச்டவுன், குவார்ட்டர்பேக் எல்லாம் தெரிந்தவர்கள்தான் இங்கே வருவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அணிப் பட்டியலைச் சரிசெய்யுங்கள்

இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியலை நகலெடுக்காதீர்கள். 2024-இல் எல்லாம் இடம் மாறிவிட்டது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போய் அங்கே 16 அணிகள். யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஓரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னுக்கு வந்து இங்கே 18. பெயரில் பத்து, ஆளுக்கணக்கில் பதினெட்டு, காரணம் கேட்காதீர்கள். பழைய வருடங்களை ஒப்பிடும்போது அந்த நான்கின் பழைய வெற்றிகளை, அவை முன்பு இருந்த பேக்-12 கான்ஃபரன்ஸ் கணக்கிலேயே விட்டுவிடுங்கள்.

படி 2: மொத்த வெற்றியைக் கூட்டாதீர்கள்

நான் விழுந்த குழி இதுதான். ஒரு கான்ஃபரன்ஸின் எல்லா அணிகளின் வெற்றியையும் கூட்டி, மொத்த ஆட்டத்தால் வகுத்து, எந்த சதவீதம் அதிகமோ அதுவே பலசாலி என்று வைத்திருந்தேன். சரியாகத்தானே தோன்றுகிறது?

வீட்டுக்குள்ளேயே நாலு பேர் காசு வைத்துச் சீட்டாடினால், விடியற்காலை எண்ணிப் பார்க்கும்போது வீட்டுப் பணம் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது. கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஆட்டமும் அப்படித்தான். ஒருவர் ஜெயித்தால் பங்காளி ஒருவர் தோற்றாக வேண்டும். என் ஷீட்டில் இவற்றை ‘உள்’ என்றும், மற்றவற்றை ‘வெளி’ என்றும் எழுதுகிறேன்.

இப்போது எண்களைப் பாருங்கள். ஆளுக்கு 12 ஆட்டம். 2025 வரை எஸ்இசி அணிக்கு 8 உள், 4 வெளி. பிக் டென் அணிக்கு 9 உள், 3 வெளி. இரண்டு பக்கமும் வெளி ஆட்டம் ஒன்றுகூட விடாமல் ஜெயித்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

எஸ்இசி: வெளியில் 64 வெற்றி, உள்ளே 64 வெற்றி, 64 தோல்வி. மொத்தம் 128-64, அதாவது 66.7 சதவீதம்.
பிக் டென்: வெளியில் 54 வெற்றி, உள்ளே 81 வெற்றி, 81 தோல்வி. மொத்தம் 135-81, அதாவது 62.5 சதவீதம்.

இரண்டு பேரும் வெளியாளிடம் தோற்கவே இல்லை. ஆனாலும் நாலு சதவீதத்துக்கு மேல் இடைவெளி. அது பலத்தால் வந்ததல்ல, அட்டவணையால் வந்தது. நான் நேர்மையாகக் கணக்குப் போட்டுக் கொண்டுபோன ஷீட், எதிரே இருந்த அலபாமாக்காரருக்கே சாதகமாக இருந்தது! அவர் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் அழிக்கவில்லை.

2026-இலிருந்து எஸ்இசியும் 9 உள் ஆட்டத்துக்கு வருகிறது. மேலே போட்ட அதே கணக்கைப் புது எண்ணோடு போட்டால் 120-72 வரும். அதுவும் 62.5 தான். நானே மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

படி 3: வெளி ஆட்டத்திலும் சலித்தெடுங்கள்

வெளி ஆட்டம் எல்லாமே சமமில்லை. எஃப்சிஎஸ் எனும் கீழ்ப்பிரிவு அணியை நவம்பரில் வீட்டுக்கு அழைத்து நொறுக்குவது எஸ்இசியில் பல அணிகளுக்குப் பழக்கம். அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். பெரிய கான்ஃபரன்ஸ் அணிகளோடு மோதியதை மட்டும் வையுங்கள். 2025 செப்டம்பருக்குள் பார்த்தால்: ஒஹாயோ ஸ்டேட் 14-7 என டெக்சஸை வென்றது (இந்த ஆட்டம் ஆகஸ்ட் 30), ஓக்லஹோமா 24-13 என மிச்சிகனை வென்றது, அலபாமா 38-14 என விஸ்கான்சினை வென்றது. எஸ்இசி 2, பிக் டென் 1. பட்டியல் எவ்வளவு சின்னது பாருங்கள். இதை வைத்துக்கொண்டு யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் கையில் இருக்கும் நல்ல சாட்சி இதுதான்.

வழக்கமான அட்டவணை முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்டங்களைச் சேர்க்கலாமா? தேசியக் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டம் என்றால் சேருங்கள். 2026 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுலில் இண்டியானா அலபாமாவை 38-3 என அடித்தது கட்டாயம் சேரும். மற்றதை நான் சேர்ப்பதில்லை. 2023 ஆரஞ்ச் பவுலில் ஜார்ஜியா 63-3 என ஃப்ளோரிடா ஸ்டேட்டை அடித்தது. அந்தப் பக்கம் முக்கிய வீரர்கள் ஏகப்பட்ட பேர் களத்திலேயே இல்லை. அந்த 60 புள்ளி வித்தியாசம் எதைச் சொல்கிறது?

படி 4: ரோஸ்டரில் (வீரர் பட்டியலில்) நட்சத்திரம் எண்ணுவது

பள்ளி வீரர்களின் திறமைக்கு ஐந்து வரை நட்சத்திரம் கொடுப்பார்கள். 247 ஸ்போர்ட்ஸ் தளத்தில் அணிவாரியாகத் திறமைப் பட்டியல் உண்டு. பட் எலியட்டின் ப்ளூ சிப் விகிதமும் பிரபலம்: நாலு வருடத்தில் பள்ளியிலிருந்து எடுத்த வீரர்களில் பாதிக்கு மேல் நாலு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இருக்க வேண்டும். பல வருடங்களாகச் சாம்பியன்கள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருந்தார்கள். பிறகு இண்டியானா வந்தது. 2023-இல் 3-9, அதாவது 3 வெற்றி, 9 தோல்வி. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்து, தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்தே வீரர்களைக் கூட்டிவந்தார். 2024-இல் 11-2. 2025-இல் 16-0. குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியிலிருந்து டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வீரர்கள் கல்லூரி மாறும் வழி) மூலம் வந்தவர்; வருடத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதும் அவருக்கே. பள்ளி நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால் இந்த அணி கண்ணிலேயே படாது.

ஆகவே நட்சத்திரத்துக்கு ஒரு பத்தி, கல்லூரியிலேயே நிறைய ஆடித் தேறியவர்களுக்குத் தனிப் பத்தி வையுங்கள். எண் வடிவில் தயாராக வேண்டுமென்றால் பில் கானலியின் எஸ்பி பிளஸ் தரவரிசை எனக்குப் பிடித்தது. போன சீசன் வீரர்களில் எவ்வளவு பேர் திரும்பி வருகிறார்கள் என்பதையும் அது பார்க்கிறது.

படி 5: ஜென்மப் பகை அணிகளை இடம் இடமாக ஒப்பிடுங்கள்

இதற்கு ஷீட் வேண்டாம், கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். இடது பக்கம் எதிரணியின் டிஃபென்சிவ் லைன் (தடுக்கும் முன்வரிசை), வலது பக்கம் நம் ஆஃபென்சிவ் லைன் (தாக்கும்போது வழிவிடும் முன்வரிசை), நேருக்கு நேர். ஏன் இப்படி என்றால் 2024 நவம்பர் 30-ஐச் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் எங்கள் ஊர்க் கல்லூரியான ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் பெயர்ப் பலகைகளில் இருக்கும் ‘எம்’ எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டியிருப்பார்கள். மிச்சிகன் வாரத்தில் வழக்கம். வந்த மிச்சிகன் 6-5. நாங்கள் நாட்டில் இரண்டாம் இடம். மொத்த ரோஸ்டரை ஒப்பிட்டால் பக்கத்திலேயே வர மாட்டார்கள். ஆனால் அவர்கள் லைன் நடுவே மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு பேர். இருவரும் தொழில்முறை லீகான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதல் சுற்றிலேயே, 5-ஆவதாகவும் 13-ஆவதாகவும் போனவர்கள். எங்கள் லைனிலோ ஜாஷ் சிமன்ஸும் சென்டர் செத் மெக்லாஃப்லினும் காயத்தில் வெளியே. எதிரிக்கு எங்கே பலமோ, நமக்கு அங்கேயே ஓட்டை. அந்த நடுவுக்குள்ளேயே எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்ப ஓடினார்கள். 13-10, தோல்வி. அதே ஒஹாயோ ஸ்டேட்தான் ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என வென்று தேசியக் கோப்பையைத் தூக்கியது.

படி 6: ஏபி பட்டியலை (பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போடும் தரவரிசையை) கடைசியில் பாருங்கள்

முதலில் பார்த்தால் அதுவே மண்டையில் உட்கார்ந்துவிடும். 2024-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் பத்தாம் இடத்தில் தொடங்கி 2-10 என முடித்தது. அதே வருடம் பிக் 12 முன்கணிப்பில் கடைசி இடம் தரப்பட்ட அரிசோனா ஸ்டேட் அந்தக் கான்ஃபரன்ஸையே வென்றது. 2025-இல் முதலிடத்தில் தொடங்கிய டெக்சஸ் பிளேஆஃபுக்கே போகவில்லை.

பின்சேர்க்கை: நோட்டர் டேமை எந்த வரிசையில் போடுவது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எதிலும் போடாதீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் அவர்கள் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத தனி ஆள். மற்ற பல விளையாட்டுகளுக்கு ஏசிசி எனும் கான்ஃபரன்ஸில் இருப்பதால்தான் குழப்பம்.

இன்னொருவர் இதே ஷீட்டை ஏசிசிக்குப் போட்டு, உள் ஆட்டத்தின் கூட்டல் இடிக்கிறது என்றார். தப்பு அவர் மேல் இல்லை. அங்கே 17 அணிகள். எல்லோரும் ஆளுக்கு 9 உள் ஆட்டம் ஆடவே முடியாது. 17-ஐ 9-ஆல் பெருக்கினால் 153, ஒற்றைப்படை, இரண்டாக வகுபடாது. அதனால் அணிப் பெயருக்குப் பக்கத்திலேயே ‘உள் ஆட்டம் எத்தனை’ என்று ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு அணிக்கும் தனியாக எண்ணைப் போடுங்கள். நானும் சேர்த்துவிட்டேன்.